சுருதிப் பெட்டியை அணைத்த எட்டு நிமிடங்கள்

என் சால்டரிங்கைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். கல்லூரியில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து டிபன் டப்பா அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்தோம். 'உயிரோடு இருக்கிறேன்' என்று பூமிக்கு விட்டு விட்டுக் கூவுகிற பீக்கன் பலகையைப் பற்றவைத்தது நான். மேலே போய்ப் பத்தே நாள் கூவியது. பிறகு மூச்சில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் பிறந்தநாளுக்குக்கூட, 'உன் சால்டரிங் மாதிரி இல்லாமல் நீடூழி வாழ்க' என்றுதான் ஒருவன் வாழ்த்துவான். நானும் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு, சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைப்பேன்.

போன வருஷம் அது உயரம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் சில வாரங்களில் காற்றில் எரிந்துவிடும் என்று கணக்கு சொன்னது. அந்தச் சமயம் பார்த்து, எங்கோ ஒரு ரேடியோ ஆர்வலர் அதன் அலைவரிசையில் ஏதோ கேட்டதாக இணையத்தில் எழுதியிருந்தார். தேடித் தேடிப் படித்தேன். கெட்டுப்போன பேட்டரி பல வருஷம் மின்சாரத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டிருக்குமாம். அதுவும் அடியோடு அற்றுப்போனபின், வெயில் படும்போது மட்டும் பலகைக்கு உயிர் வருமாம். நிழலுக்குள் போனால் மறுபடி தூக்கம். அப்படியானால் குற்றம் பேட்டரியுடையது, என் கையுடையது அல்ல. எரிவதற்குள் ஒரே ஒரு தடவை அதன் குரலைக் கேட்டாக வேண்டும் என்று எனக்குப் பித்துப் பிடித்தது.

ஹார்டுவேர் கடையில் அளக்கிற இரும்பு டேப் வாங்கி, வெட்டி, பிவிசி பைப்பில் குறுக்கே கட்டினேன். அதுதான் ஆன்டெனா; ஒரு சின்ன ரிசீவர் வழியாக மடிக்கணினியில் செருகினேன். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், பெருங்குடி ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன், காலை ஏழு மணி வாக்கில் அது கடந்துபோகும். வடக்கே கபாலி கோயில் பக்கம் எழுந்து, தெற்கே அடையாறு பக்கம் இறங்கும். பைப்பை அந்த வழியே திருப்பிக்கொண்டே நிற்பேன். கீழே மீன் கூடையோடு வந்த அக்கா ஒருநாள் அண்ணாந்து பார்த்து, "இன்னாம்மா, டிவி தெர்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாரமே கேட்டுவிட்டது. விட்டு விட்டுக் கூவாமல் ஒரே இழுப்பாக இருந்தது. வயசாகிவிட்டது, பாவம், இழுக்கிறது என்று காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. உருண்டுகொண்டே போகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். குழுவில் எழுதினேன்: 'என் சால்டரிங் உயிரோடு இருக்கிறது.' அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை.

மூன்றாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, பாட்டு மாமி இருக்கிறார். ஒரு வியாழக்கிழமை தூறல் விழுந்தது. பிள்ளைகளைச் சரளி வரிசை பாடச் சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க ஓடி வந்தவர் என் மடிக்கணினியின் சத்தத்தைக் கேட்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஏண்டிம்மா, ஓடிண்டிருக்குன்னா சுருதி இறங்கணுமோல்லியோ? வாசல்ல ஆம்புலன்ஸ் தாண்டிப் போனாலே இறங்கறது. இது நட்டு வெச்சாப்ல நிக்கறதே."

தலையில் அடித்துக்கொண்டேன். முதல் வருஷப் பாடம் அது. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மாமி கீழே போனார். சட்டென்று என் மடிக்கணினியின் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாக, சுருதிப் பெட்டியை அணைத்ததாகக் குரல் கொடுத்தார். திரும்பப் போட்டார், சத்தம் திரும்ப வந்தது. செவ்வாய், வியாழன், சனி: மாமிக்குப் பாட்டு வகுப்பு இருக்கும் நாட்களில் மட்டும்தான் என் செயற்கைக்கோள் பேசியிருக்கிறது. மூன்று வாரமாக நான் உருகி உருகிக் கேட்டது அந்தப் பெட்டியின் மட்டமான கரண்ட் அடாப்டர் கக்கிய ரேடியோ இரைச்சலை.

குழுவில் உண்மையை எழுதினேன். வேறு வழி? அன்று முழுக்கச் சிரித்தார்கள். ஆன்டெனாவைப் பரணில் போடப் போனபோது மாமி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சனிக்கிழமை பெட்டியை அணைத்துவிடுவதாகவும், அது கடந்துபோகிற எட்டு நிமிடம் சுருதி இல்லாமல் பாடினால் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்றும் சொன்னார். தானும் மேலே வருவாராம்.

விழுந்துகொண்டிருக்கிற பொருள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அதனால் சனிக்கிழமை ஆறே முக்காலுக்கே தயாராக நின்றோம். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். இரைச்சல், இரைச்சல், வெறும் இரைச்சல். எனக்குக் கை வலித்தது. அப்போது மாமியின் வலது கை மெல்ல உயர்ந்தது. எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. உயர்ந்த கை, பாடகர்கள் மேலிருந்து ஸ்வரம் இறங்கும்போது காட்டுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ ஆரம்பித்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதுதான் பிடிபட்டது. பீ, பீ என்று நடுவில் இடைவெளி விட்டு, எறும்பு பேசுகிற அளவுக்கு.

"இறங்கறதுடி," என்றார் மாமி.

நான் அழுதுவிட்டேன். பைப்பைக் கீழே வைக்க முடியாமல் அழுதேன்.

ஒலிப்பதிவைக் குழுவுக்கு அனுப்பினேன். பிறந்தநாளுக்கு என்னை வாழ்த்துகிறவன் எழுதினான்: 'மன்னிச்சுக்கோ. பேட்டரி வாங்கினது நான்தான்.'

அதற்குப் பிறகு வகுப்பு நாட்களில் மாமி யாரும் கேட்காமலே பெட்டியை அணைத்தார். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அது கடக்க வேண்டிய நேரம் வந்தது. அதற்கு முன்னால் பத்து நிமிடம், பின்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டு படியிறங்கினேன். மாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளைகள் வெறுங்குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்.

"பெட்டியைப் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோங்க மாமி," என்றேன்.