முள்ளோடு நெத்திலி

சவரிநாதன் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களால் அவர் நெத்திலிக்கு முள் எடுப்பதை எங்கள் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தலையைக் கிள்ளி மெல்ல இழுப்பார். நடுமுள் நூல் மாதிரி கூடவே வரும். மீன் உடையாது.

மனைவி டெய்சிக்காகத்தான் அந்தப் பாடு. கல்யாணமான புதிதில் டெய்சியின் தொண்டையில் முள் சிக்கி ஆஸ்பத்திரிவரை போக நேர்ந்ததாம். அன்றிலிருந்து வீட்டில் மீன் சவரிநாதன் பொறுப்பு. டெய்சியின் தட்டில் அதன்பிறகு ஒரு முள் விழுந்ததில்லை.

போன டிசம்பரில் குளியலறையில் வழுக்கி, டெய்சி கையை ஊன்றினார். அதற்கே மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மெலிந்திருக்கிறது, அடுத்து விழுந்தால் இடுப்பாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அதிலிருந்து டெய்சி குளித்து முடிக்கும்வரை சவரிநாதன் கதவுக்கு வெளியே காவல்.

"நான் என்ன ஜெயில்லயா குளிக்கிறேன்?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

மாத்திரையோடு சாப்பாட்டிலும் கால்சியம் வேண்டும் என்று உணவு ஆலோசகர் விஷ்ணுப்ரியாவிடம் அனுப்பினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"பால் குடிப்பீங்களாம்மா?"

"குடிச்சா வயித்த கலக்கிடுது மேடம்."

"அப்ப கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள்ளு சேத்துக்குங்க. தயிர் ஒத்துக்குதான்னு பாருங்க. மீன்?"

சவரிநாதன் முகம் மலர்ந்தது. "வாரத்துக்கு நாலு நாள் நெத்திலிங்க. ஒரு முள் இருக்காது. எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் குடுப்பேன்."

"அந்த முள்ளுலதாங்கய்யா கால்சியமே இருக்கு. அத யாருக்குப் போட்டீங்க?"

"பூனைக்கு."

டெய்சி சிரித்தார். சவரிநாதன் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "முப்பத்தோரு வருசம் தம்பி. அவ எலும்ப நானே புடுங்கிப் போட்டுருக்கேன்." மீன்முள் ஒன்றினால் மட்டும் இப்படி ஆகாது, வயதும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கோட்டுச்சேரிமேடு மீன்கரைக்குப் போய் நெத்திலி வாங்கி வந்தார். பழகிய விரல் தலையைக் கிள்ள, முள்ளும் சேர்ந்து வந்தது. நான்கைந்து மீன் அப்படியே போனது. பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் தலையை மட்டும் வெட்டினார், குடலை வழித்தார். மிளகாய்த்தூள் தடவி, முள் நொறுங்கும்படி முறுகப் பொரித்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

டெய்சி ஒரு மீனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "பயமா இருக்குங்க."

"நல்லா மென்னு தின்னு. ஒண்ணும் ஆவாது."

"ஆச்சுன்னா?"

சவரிநாதன் வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்துக் கையில் வைத்துக்கொண்டார். முள் சிக்கினால் மெல்லாமல் விழுங்கக் கொடுப்பது.

டெய்சி கடித்தார். முறுக்கு உடைவதுபோல் சத்தம். மென்றார், மென்றார். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வாயும் சேர்ந்து அசைந்தது. விழுங்கினார். தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"இத்தன வருசமா இந்த ருசிய எனக்குக் காட்டவே இல்லயே நீங்க."

"சரி, இனிமே என் வேல போச்சு."

"ஏன், சங்கரா மீன் வாங்க மாட்டீங்களா? அதுக்கு யாரு முள் எடுக்குறதாம்?"

சவரிநாதன் சோற்றுருண்டையைக் கீழே வைக்காமலே, மற்றக் கையால் இன்னும் இரண்டு நெத்திலியை டெய்சியின் தட்டில் வைத்தார்.