செக்கிங் அக்காவின் நான்கு நாள் லீவு

ரோஜா மாலை என் மடியில் இருந்தது. வேன் உடுமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மாலை கசங்கிவிடக் கூடாதே என்று இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். அதன் ஈரம் சுடிதாரில் ஊறிச் சில்லென்று தொடைக்கு இறங்கியது. எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள் பதினோரு பேர் வேனில் இருந்தோம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. துக்கம் கேட்கப் போகிறவர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி வைத்துக்கொண்டிருந்தோம். மடத்துக்குளத்தில் செக்கிங் அக்காவின் பெரியம்மா தவறிவிட்டார். அவருடைய படத்துக்குப் போடத்தான் அந்த மாலை. ஏற்பாடு முழுக்க என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் லீவு என்று பார்க்கிற வேலை. பனியன் கம்பெனியில் லீவு கேட்பதற்கென்று சில காரணங்கள் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, சாவு. ஷிப்மெண்ட் நேரத்தில் சாவு ஒன்றுக்குத்தான் மரியாதை. 'சும்மா இருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் ஃபைலில் ஒரே தாத்தா மூன்று முறை இறந்திருப்பார். தெரிந்தாலும் நாங்கள் கண்டுகொள்வதில்லை.

ஆனால் செக்கிங் அக்கா அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்று நினைத்திருந்தேன். தைத்து வரும் துணிகளை டியூப்லைட் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் தேடுகிற முப்பது பெண்களுக்கு அவர் சூப்பர்வைசர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலையில் கறார், பேச்சில் அதட்டலே இருக்காது. என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். நான் சாப்பிடாமல் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தால் தன் டப்பாவை என் மேஜையில் வைத்து, 'தின்னுபோட்டுப் பாரு, கம்ப்யூட்டரு எங்கயும் ஓடிராது' என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு எடுப்பார். அந்த வருஷம் ஷிப்மெண்ட் நெருக்கடி. அவர் கொடுத்த கடிதத்தில் பெரியம்மா இறந்துவிட்டதாக இருந்தது. தாயில்லாமல் அந்தப் பெரியம்மாவிடம் வளர்ந்தவர் அவர். கடிதத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் வெளிநாட்டு ஆர்டர்காரர்களின் ஆடிட் வேறு வர இருந்தது. தொழிலாளர் நலனுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், ஃபைலில் போட்டோ இருக்க வேண்டும். துக்க வீட்டுக்குக் கம்பெனி வேனில் போய் வரலாம் என்று மேனேஜரிடம் யோசனை சொன்னேன். அவர் என்னை மெச்சினார். ஞாயிற்றுக்கிழமை காலையில், வேனில் ஏறுமுன், மாலையோடு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தேன். அக்கா மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்.

ஃபைலில் இருந்த சொந்த ஊர் விலாசத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பந்தல் இல்லை, நாற்காலிகள் இல்லை. வாசலில் ஒரு வயதான அம்மாள் முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் பேரைச் சொல்லி, அவருடைய பெரியம்மா வீடு இதுதானா என்று கேட்டேன்.

"ஆமாங்க, நாந்தானுங்க அவ பெரியம்மா. வாங்க, எல்லாரும் உக்காருங்க" என்று எழுந்தவர், என் கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "மாலை எதுக்குங்க? எனக்குங்களா?"

 வாயைத் திறந்தது நான்தான். கடிதத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டேன். பெரியம்மாவின் சிரிப்பு மெல்லப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார், யாரும் கேட்டுவிட்டார்களோ என்று. அவருடைய மகன் நிலைப்படியில் நின்றிருந்தார்.

"உசுரோட இருக்கற எங்கம்மாளச் சாவடிச்சு எழுதிக் குடுத்திருக்காளா?" என்று போனை எடுத்தார்.

"வேண்டாங் கண்ணு, போனு போடாத. அவ வரட்டும், நான் கேட்டுக்கறேன்" என்று பெரியம்மா மகனின் கையைப் பிடித்தார். பிடித்தும் பயனில்லை. அக்காவின் வீட்டுக்காரரிடம் மகன் பேசினார். மனைவி நான்கு நாளைக்குப் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று அவர் அங்கே நம்பிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பொய்யும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு விழுந்தன. அக்கா சாவு வீட்டிலும் இல்லை, விருந்திலும் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். திரும்பி வரும்போது மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நான் விழிக்க, டிரைவர் அதை வாங்கி ஒரு வாய்க்கால் பாலத்தில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வேலைக்கு வந்தார். அதுதான் கடைசி நாள். மூக்கு நுனி வெயிலில் தோல் உரிந்திருந்தது, கண் வீங்கியிருந்தது. என் அறைக்கு வந்து கதவோரம் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"மலைக்குப் போயிருந்தேன் கண்ணு. மறையூருக்கு மேல. வருசா வருசம் அங்கதான் போவேன். பெரியம்மாளுக்கு மட்டும் தெரியும்."

"கூட யாருங்க அக்கா வந்தாங்க?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி அதுதான்.

 "நீயும் அதையேதான் கேக்கற. நேத்து பொழுதுக்கும் ஊட்ல அவியளும் அதையேதான் கேட்டாங்க. யாருமில்லைங்கறதுக்குத்தான் கண்ணு போறதே. அங்க என்ர கால் எங்க போகுதோ நானும் அங்க போவேன். முடியலீன்னா ஒரு கல்லு மேல உக்காந்துக்குவேன். ஏன் உக்காந்திருக்கறீன்னு கேக்க ஒரு ஆள் கெடையாது. ஒரு பூண்டுக்காரம்மா ஊட்ல படுத்துக்குவேன். நாலு நாளு போதும், ஒரு வருசத்துக்கு."

மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் கம்பெனிக்கு வந்து மேனேஜரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "இனி அவ வேலைக்கு வரமாட்டாளுங்க. யாரோட போனான்னு மட்டும் உங்களுக்கு ஏதாச்சுந் தெரிஞ்சாச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். செக்கிங் டேபிளில் அதைப் பற்றி ஒரு வாரம் பேச்சு ஓடியது. ஆளுக்கொரு ஆணைச் சொன்னார்கள். தனியாகப் போனார் என்று சொன்ன ஒருவர்கூட இல்லை. அடுத்த தையில் அந்தப் பெரியம்மா நிஜமாகவே தவறிவிட்டார். அக்காவின் வாய் முகூர்த்தம்தான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்களாம். இந்த முறை கம்பெனியிலிருந்து யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இதெல்லாம் நடந்து ஏழு வருஷமாகிறது. போன மாதம் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவில் எனக்கு ஐந்து நாள் கிடைத்தது. முதுகுப்பை ஒன்று வாங்கினேன். தனியாக மலைக்குப் போய் வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "ஏன் கண்ணு, யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?" என்று கேட்டார். ஒரு பெண் தனியாக மலைக்குப் போனால் ஒன்று கூட ஒருவன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயிருந்து குதிக்கப் போகிறாள். மூன்றாவதாக ஒரு காரணம் எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. சாயங்காலம் தவறாமல் போன் செய்கிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்துக் கிளம்பினேன்.

உடுமலையிலிருந்து பஸ். வனத்துறையின் ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் காடு. மறையூரில் இறங்கியபோது வானம் மூடிக்கிடந்தது. மேலே போக ஜீப் இருந்தது. நான் நடந்தேன். அவசரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நடந்தேன், ஆனால் கால்களுக்கு அது புரியவில்லை. ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது போலவே அவை ஓடின. முதல் நாள் முழுக்க நான் மலையைப் பார்க்கவில்லை, போனில் எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று பார்த்தேன். இரண்டாம் நாள் விடாத தூறல். அடுக்கடுக்கான வயல்களில் பூண்டும் பீன்சும் நின்றன. எதிரே இருந்த மலையைக் காணவில்லை. பூண்டுக்காரம்மா வீடு எது என்று டீக்கடையில் விசாரித்தேன். ஊர் முழுக்கப் பூண்டு போடுகிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட அறிவாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, வழியில் ஒரு பாறையில் பையைக் கழற்றி வைத்து உட்கார்ந்தேன். பனிமூட்டம் கீழேயிருந்து ஏறி வந்து வயலை மூடியது, யூக்கலிப்டஸ் மரங்களை மூடியது, பிறகு என் காலடிப் பாதையையும் மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே இருந்தேன். ஒருவர் மாடு ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனார். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மணி பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் அக்காவிடமிருந்து பறித்தது வேலையை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதைத்தான் பறித்திருக்கிறேன். இது என்னவென்று தெரியாமலேயே பறித்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிற பூண்டுக்காரம்மா யார் என்று கேள்வியை மாற்றிக் கேட்டதும் அன்று மதியம் வீடு கிடைத்தது. தகரம் போட்ட வீடு, பரண் நிறையப் பூண்டு. திருப்பூரிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மாள் என் முதுகுப்பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க? எங்களுக்கும் திருப்பூர்ல ஒரு அக்கா இருக்காங்க. எட்டு வருஷம் வந்தாங்க, அதுக்கப்புறம் காணோம். நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்றேன். அதே மூச்சில், "அவங்க தனியாத்தான் வருவாங்களா?" என்றும் கேட்டுவிட்டேன்.

"தனியாத்தான் வருவாங்க. ஊரு சுத்திட்டு வந்து தின்னுட்டுத் தூங்கிருவாங்க. வேற யாரு வருவா?"

அப்போது என் மனதில் ஏதோ ஒன்று லேசாயிற்று. லேசான பிறகுதான் உறைத்தது, ஏழு வருஷமாக நானும் அடிமனதில் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். செக்கிங் டேபிளில் பேசிய முப்பது பேரோடு முப்பத்தொன்றாவது ஆள் நான்.

அந்த அம்மாள் பரணிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை இறக்கினார். உள்ளே நீலக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி. மலையில் நடப்பதற்கென்று அக்கா வாங்கியது. வீட்டில் வைத்தால் எதற்கு என்று கேட்பார்கள் என்பதால் ஒவ்வொரு வருஷமும் இங்கேயே கழுவி வைத்துவிட்டுப் போவாராம். "எலி கடிக்காம வெச்சிருக்கேன். குடுத்துருங்க. பழைய இடத்திலயே பாயும் இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாளே வீரபாண்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் போன் நம்பர் எப்போதோ மாறிவிட்டது. வீட்டின் முன்பக்கம் தைக்க வந்த பீஸ் மூட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே தையல் மெஷின் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. வாசலுக்கு நேரே நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அக்கா கீழே உட்கார்ந்து பனியன்களில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்து, தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது. எனக்கு எங்கிருந்துதான் அந்த உற்சாகம் வந்ததோ, "அக்கா, இதைக் குடுக்கச் சொன்னாங்க" என்று துணிப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டேன்.

அவர் பையின் வாயை விரித்துப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"என்னது அது?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியலீங்க. யாரோடதோ செருப்பாட்ட இருக்குது. ஊடு மாறி வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று அக்கா பையை மூடி, இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு, எழுந்து வந்து என் கையில் கொடுத்தார். குரலில் ஒரு நடுக்கமில்லை.

"வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி குடு" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான்.

அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்று, காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார். அப்புறம், வீட்டுக்காரர் காதிலும் விழும்படியாக, நிதானமாகச் சொன்னார்:

"இனிமேலாவது கேக்காம யாரு ஊட்டுக்கும் போகாதீங்க."

அவர் என்னை ஒரு நாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. "சரிங்க" என்றேன். அக்கா என்று சொல்ல முடியவில்லை.