சூடாகாத மூலை அறை

நம்புகிறவர்கள் நம்பட்டும். குன்வோர் பொய் சொல்கிறவள் இல்லை. இது அவளுக்கு ஜனவரி பதினான்காம் தேதி, மாலை நான்கு இருபதுக்கு நடந்தது. நார்வேயின் அந்த மலைப் பள்ளத்தாக்கில் அதற்குள் நன்றாக இருட்டிவிடும்.

பேங்க் ஏலத்துக்கு விட்ட ஒரு பழைய வீட்டைத் தனியாக வாங்கியிருந்தாள். விறகு அடுப்பா, கரண்ட் ஹீட்டரா, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்பா என்று ஒரு மாதமாகக் குழப்பம். குளிர் எங்கிருந்து நுழைகிறது என்று பார்த்துச் சொல்ல ஹீட்டர் கடையிலிருந்து ஆஸ்மன்ட் வந்தான். கையில் வெப்பத்தைப் படமாகக் காட்டும் கேமரா. சூடான இடம் மஞ்சள், குளிர்ந்த இடம் நீலம், உறைகுளிர் கறுப்பு.

"சின்ன வீடுதானே, விறகு அடுப்பே போதும்" என்றான்.

"விலை கூடினத என் தலையில கட்டாம இருந்தா சரி."

சிரித்தான். மூலை அறைக்குள் போனதும் சிரிப்பு நின்றது.

"இங்க வேற யாராவது இருக்காங்களா?"

"நான் மட்டும்தான். ஏன்?"

திரையைக் காட்டினான். சுவரெல்லாம் வெளிர்நீலம். மூலையில் மட்டும் கறுப்பாக ஓர் உருவம். உட்கார்ந்திருக்கும் ஆள் அளவு. தோள்... தலை... அந்த இடத்தில் மைனஸ் பதினொரு டிகிரி என்று காட்டியது. நேரில் பார்த்தால் வெறும் மூலை.

அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. பயம் காட்டி விற்கப் பார்க்கிறான்!

"இந்த வித்தையெல்லாம் வேற எங்கயாவது காட்டுங்க. இருக்கறதுலயே பெரிய ஹீட் பம்பா போடணும்பீங்க, அதானே?"

கேமராவைப் பிடுங்கி அவளே பார்த்தாள்.

மூலை காலி.

"எங்க போச்சு உங்க ஆளு?"

டக்.

மரத்தரையில் சத்தம்.

டக்...

கேமராவோடு அவன் பக்கம் திரும்பினாள். திரையில் ஆஸ்மன்ட் மஞ்சளாகத் தெரிந்தான். அவனுக்குப் பின்னால்... கறுப்பு.

நின்றுகொண்டிருந்தது.

அவன் தோளில் நீலம் பரவியது. ஐந்து விரல்.

"குன்வோர்... என் தோள்ல யாரு கை வெக்கிறது?"

ஓடினார்கள். மணி நான்கு முப்பத்தொன்று.

மறுநாள் எதிர்வீட்டு ஓட்வரிடம், அங்கே யாராவது செத்தார்களா என்று கேட்டாள்.

"யாரும் சாகலம்மா. உனக்கு முன்னாடி மூணு பேரு இருந்தாங்க. விறகு, எண்ணெய், கரண்ட்டுன்னு ஆளுக்கு ஒண்ணு போட்டுப் பாத்தாங்க. அந்த ரூம் மட்டும் சூடாகலன்னு மூணு பேருமே எங்கிட்ட பொலம்பினாங்க. ரெண்டு பேரு வித்துட்டுப் போயிட்டாங்க."

"மூணாவது ஆளு?"

ஓட்வர் அந்த வீட்டையே பார்த்தார்.

"உனக்கு வித்தது பேங்க்குதானே... அந்த ஆளு வெளிய போனத யாரும் பாக்கலம்மா."