குறும்பு செய்தால்தான் அனுமதி

கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கதைக்காரி. வகுப்பில் பாதி நேரம் கணக்கு, மீதி நேரம் பேச்சு. பக்கத்து வகுப்பிலிருந்து வெளியே துரத்தப்பட்டவர்கள்கூட அவள் ஜன்னலோரம் வந்து நின்று வாயைக் கிளறுவார்கள். கணக்கில் தேர்ச்சி அதலபாதாளத்துக்குப் போனதும் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மாணவர் ஆலோசகர் வேலை காலியாக இருக்கிறது, அதற்கான படிப்பை மாலை வகுப்பில் முடித்துவிட்டு வா என்றார்.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். வம்பு பேசச் சம்பளமும் தருகிறார்களா என்று கேட்டார். ஆனால் படிக்கப் போன இடத்தில்தான் இடி விழுந்தது. ஆலோசகர் பேசக்கூடாதாம், கேட்க வேண்டுமாம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காரப் பழகினாள்.

மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை கிடைத்தது. 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டினாள். ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே போனால் மறை கழன்ற கேஸ் என்று கேலி செய்வார்களே என்று பிள்ளைகளுக்குப் பயம். ஒருநாள் பலகையைக் கழற்றினாள். குறும்பு செய்கிறவர்களைத் தன்னிடம் அனுப்பும்படியும், உள்ளே கடும் தண்டனை உண்டென்று பரப்பும்படியும் மற்ற ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கூட்டம் அலைமோதியது. வெளியே வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதில் கைதேர்ந்துவிட்டார்கள்.

உள்ளே போக வழி தெரியாமல் திண்டாடியது ஒன்பதாம் வகுப்பின் முதல் மாணவிதான். அவளுக்கு வாலாட்டவே தெரியாது. அறிவியல் வாத்தியாரின் நாற்காலியில் சாக்பீஸ் தூளைக் கொட்டினாள். பழி கடைசி பெஞ்சில் போய் விழுந்தது. எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். தோழியைக் காப்பாற்றுகிறாள் என்று வாத்தியார் மெச்சினார். வேறு வழியில்லாமல் டஸ்டரை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே ஜன்னல் வழியாக வீசினாள்.

அறைக்குள் வந்ததும் நாற்காலியில் சரிந்தாள். அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆயிற்றாம். அவர் சொல்வதை இவரிடமும், இவர் சொல்வதை அவரிடமும் கொண்டுபோவது அவள் வேலையாம்.

"வீட்ல நான் பொண்ணு இல்ல மிஸ், தபால்காரி."

கதைக்காரிக்கு நாக்கு நுனிவரை யோசனைகள் முட்டிக்கொண்டு வந்தன. விழுங்கிக்கொண்டாள். "உனக்கு என்ன செய்யத் தோணுது?"

மாணவி மேசை விளிம்பைச் சுரண்டினாள். "தபாலை மாத்திக் குடுத்தா?"

அதனால் சண்டை வந்தால் என்று ஆலோசகர் கேட்டாள். இந்த மௌனத்துக்குச் சண்டை எவ்வளவோ தேவலை என்றாள் சின்னவள். கதைக்காரி ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று மாலை, குழாய் ஒழுகுகிறது என்று அம்மா சொல்லி அனுப்பியது, சாப்பாடு பிடித்ததா என்று அம்மா கேட்பதாக அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அசந்துபோன அப்பா பிரமாதம் என்றார். அது அம்மாவிடம், நாளைக்கு அப்பாவே சமைக்கிறாராம் என்று வந்தது. மறுநாள் காலை சமையலறையில் இருவரும் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். யாரும் பற்றவைக்கவில்லை. பிறகு நேருக்கு நேர் வெடித்தார்கள்.

அந்த வாரமே இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கு வந்தார்கள், ஆலோசகர்மேல் புகார் சொல்ல. பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததாக அப்பா ஆரம்பித்தார். குழாயைச் சரிசெய்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்று அம்மா குறுக்கே புகுந்தாள். என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாமே என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். அப்புறம் ஆலோசகர் அங்கே இருப்பதே இருவருக்கும் மறந்துபோனது. சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளி விட்டு வகுப்புகள் காலியான பிறகும் பேச்சு ஓயவில்லை. கதைக்காரி வாயே திறக்கவில்லை. வாசலில் காத்திருந்து அலுத்துப்போன மகள், பையைச் சுவரோரம் போட்டுவிட்டு மைதானத்தில் பந்தாடப் போய்விட்டாள்.