கரைத் தாள், கடல் தாள்

என் மச்சானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று இன்றுவரை பிடிபடவில்லை. கப்பல் கம்பெனி மேலா, எங்கேயோ கடலில் குண்டு வீசிக்கொண்டவர்கள் மேலா, நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காத அவர் மேலேயா?

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். ஆயிரம் அறைகள் கொண்ட ஒரு உல்லாசக் கப்பலில் அச்சடிக்கும் வேலை. கப்பலுக்குள் அச்சகமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று நானும் கேட்டுத்தான் அசடு வழிந்தேன். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, இரண்டு இயந்திரம், ஒரு மின்விசிறி, கூரை வரை காகிதக் கட்டு. நாளைக்குக் கப்பல் எந்த ஊரில் நிற்கும், எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குள் திரும்பி ஏற வேண்டும், சாப்பாடு எந்த மாடியில், பாட்டு எந்த மாடியில் என்று எல்லாம் போட்டுத் தினமும் ஒரு தாள். சாயங்காலம் ஒவ்வொரு அறையின் கதவடியிலும் அது இருக்க வேண்டும். அதனால் கப்பலில் அவர் பெயரே தாள்காரர். கல்யாணம் ஒன்றும் அமையவில்லை. தாளோடேயே குடித்தனம் நடத்துகிறார் என்று நான் கிண்டல் செய்வேன், அவரும் சிரிப்பார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் கரையைத் தொடும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தாள் அடித்து வைக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது, அன்று முழுக்கக் கடலிலேயே நிற்க வேண்டியதுதான். ஊருக்குள் போனால் கரைத் தாள், போகாவிட்டால் கடல் தாள். முந்தின நாள் மத்தியானம் கேப்டன் முடிவைச் சொல்வார். ஒரு கட்டு மாடிக்குப் போகும், இன்னொன்று குப்பைக்குப் போகும். இருபது வருஷமாக மச்சான் இப்படித்தான் பாதி உழைப்பைக் குப்பையில் போட்டு வந்தார்.

என் மாமா, அதாவது மச்சானின் அப்பாவும் கப்பல்காரர்தான், ஆனால் கப்பலில் ஏறியதே இல்லை. கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றைக் கரையில் நின்று வாங்கி, இரும்புக் கட்டையில் மாட்டுகிற வேலை அவருக்கு. முப்பத்தைந்து வருஷம். ஓய்வு பெற்று நாலைந்து வருஷத்தில் ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் கிழமை, அப்புறம் அத்தை செத்துப்போனது. அத்தை எங்கே, எங்கே என்று ஒரு வருஷம் கேட்டார், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்.

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த நான் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இத்தனை பேரை மறந்த மனுஷன் என்னை மட்டும் மறக்கவில்லை. "கரெண்டுக்காரன் வந்துட்டானா?" என்பார். அவருக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்காத முகம்தான் மனதில் நின்றது.

மகனை அவர் மறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கப்பல். பதினாலு நாளைக்கு ஒரு வியாழக்கிழமை எங்கள் துறைமுகத்துக்கு வரும், ஒன்பது மணி நேரம் நிற்கும். காலை ஏழேமுக்காலுக்கு அது ஹாரன் அடிக்கும். மற்ற நாளில் சட்டையைத் தலைகீழாக மாட்டுகிற மாமா, அந்தச் சத்தம் கேட்டதும் பித்தான் மாறாமல் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். நான் துறைமுக கேட் வரை கூட்டிப் போவேன். மச்சான் வெள்ளைச் சட்டையில் உள்ளேயிருந்து வருவார். அன்றைய தாளை அப்பா கையில் கொடுப்பார். மாமா அதைச் சத்தமாகப் படிப்பார். "எட்டு மணிக்கு வந்தாச்சு. அஞ்சு மணிக்குள்ள ஏறணும். அதுக்குள்ள சவரம் பண்ணி விடுறா." வீட்டுக்கு வந்து சவரம், நகம் வெட்டுவது, மதியச் சாப்பாடு. நாலு மணிக்குத் திரும்ப கேட். தாளை மடித்து மாமா சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், அடுத்த தாள் வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

டாக்டரம்மா எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இதுக்கு மாத்திரை பெரிசா ஒண்ணும் பண்ணாது. பழக்கம்தான் பிடிச்சு வெச்சிருக்கு. பையன் வந்து போற முறையை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு தடவை விட்டா திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம்." மச்சானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு பதவி உயர்வோடு வேறு கப்பலுக்கு அழைத்தார்கள், போகவில்லை. அந்தக் கப்பல் எங்கள் ஊருக்கு வராது.

பிறகுதான் பக்கத்துக் கடலில் சண்டை. எங்கள் ஊரில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் யாரோ ஒரு வட்டம் போட்டார்கள், நாங்கள் வட்டத்துக்குள் விழுந்தோம். ஒரு புதன்கிழமை மத்தியானம் மச்சானிடம் ஒரு வாசகம் வந்தது. அவர்தான் அதைத் தட்டச்சு செய்து ஆயிரம் பிரதி எடுத்தார். "பயணிகளின் பாதுகாப்பைக் கருதி நாளைய துறைமுகம் பயணத் திட்டத்திலிருந்து அடுத்த அறிவிப்பு வரும்வரை நீக்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம். இன்றிரவு ஐந்தாம் மாடியில் அனைவருக்கும் கேக் வழங்கப்படும்."

மறுநாள் ஹாரன் கேட்கவில்லை. மாமாவுக்கு அன்று வியாழன் என்றே தெரியவில்லை. எங்களுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. எவ்வளவு முட்டாள்கள் நாங்கள்.

"விட்டுட்டு வந்துடுங்க மச்சான். ஏதாவது ஒரு ஊர்ல இறங்கி ப்ளேன் பிடிங்க" என்று ஃபோனில் சொன்னேன்.

"அடுத்த தடவை திறந்துடும் மாப்பிள்ளை. அடுத்த அறிவிப்பு வரும்வரைன்னுதானே போட்டிருக்கு."

"போட்டதே நீங்கதானே!"

"நான் போட்டாலும் கம்பெனி சொன்னது. நடுவுல இறங்கினா திரும்ப எடுக்க மாட்டாங்க. கப்பலை விட்டுட்டா அப்புறம் எதுல வந்து அப்பாவைப் பார்க்கிறது?"

அதில் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அடுத்த வியாழனும் திறக்கவில்லை, அதற்கடுத்ததும் திறக்கவில்லை. வீடியோவில் காட்டிப் பார்த்தோம். மாமா ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிவியை நிறுத்துங்கப்பா, யாரோ அழறான்" என்று என் வீட்டுக்காரியிடம் கொடுத்தார். சட்டைப்பையில் இருந்த பழைய தாளை மட்டும் தினமும் எடுத்துப் படித்தார். மடிப்பில் கிழிந்ததும் நான் டேப் ஒட்டிக் கொடுத்தேன்.

இரண்டு தாள் வழக்கத்தை மச்சான் விடவில்லை. கடல் தாள் மட்டும் போதும் என்று மேலாளர் சொல்லியும், எங்கள் ஊருக்கான வியாழன் வரும்போதெல்லாம் கரைத் தாளையும் ஆயிரம் அடித்தார். ஒருவேளை மத்தியானத்துக்குள் முடிவு மாறினால் கையில் தயாராக இருக்க வேண்டுமாம். எட்டு முறை அடித்து எட்டு முறையும் தானே குப்பையில் போட்டிருக்கிறார்.

ஒன்பதாவது முறை கட்டு மாறிவிட்டது. சாயங்காலம் ஆயிரம் கதவடியிலும் எங்கள் ஊர் பெயர் போட்ட தாள் போய்விட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொப்பி, கேமரா, கைப்பை சகிதம் முந்நூறு பேர் இறங்கும் வழியில் வரிசையில் நின்றார்கள். கதவைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். நாலு பக்கமும் வெறும் தண்ணீர். சிலர் ஆபத்தை மறைத்துத் தங்களை எங்கோ கொண்டு போகிறார்கள் என்று பயந்து அழவே ஆரம்பித்தார்களாம். கேப்டன் மூன்று முறை மைக்கில் பேச வேண்டியிருந்தது.

"கை மாறிப்போச்சு மாப்பிள்ளை" என்றுதான் மச்சான் என்னிடம் சொன்னார். நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

நாலு நாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு விமானம், ஒரு பஸ், ஒரு ஆட்டோ. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். கசங்கிய டீ-சர்ட், நாலு நாள் தாடி. மாமா நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

மாமா நிமிர்ந்தார். "யாரு வேணும்?"

"நான்தான்ப்பா. உங்க பையன்."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமே இல்லை. கயிற்று வேலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "என் பையன் கப்பல்ல வருவான் தம்பி. இன்னைக்கு ஹாரன் அடிக்கலையே. கப்பல் வராம அவன் எப்படி வருவான்?" தாளை நீட்டினார். "இதுல போட்டிருக்கு பாருங்க. எட்டு மணிக்கு."

தான் அடித்த தாளை மச்சான் வாங்கிப் பார்த்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் எங்களோடேயே இருந்தார். ஒரு நோட்டீஸ் அடிக்கும் கடையில் வேலை கிடைத்தது. மாமா அவரை மாடிக்கு வாடகைக்கு வந்தவர் என்று முடிவு கட்டிவிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா?" எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மச்சான் சவரம் பண்ணி விடுவார். முகத்தைத் துடைத்ததும் மாமா, "கூலி என்னாச்சு தம்பி?" என்பார். முதல் தடவை மச்சான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு பழகிவிட்டது. "அப்புறம் வாங்கிக்கிறேன் ஐயா" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

கடைசியாகக் கப்பல் வந்து பதினோரு மாதம் கழித்து, போன வியாழக்கிழமை, காலை ஏழேமுக்காலுக்கு ஹாரன் அடித்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன், டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து மாமா வந்தார். சட்டைப் பித்தான் ஒன்றுகூட மாறவில்லை. தலைகூடச் சீவியிருந்தார். "வாடா கரெண்டுக்காரா, பையன் வந்துட்டான்."

என் வீட்டுக்காரி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடுண்ணா, அந்த வெள்ளைச் சட்டையைப் போடு" என்றாள். எங்களுக்கு ஒரே யோசனைதான் தோன்றியது. மச்சான் கேட்டுக்கு உள்ளே போய், அங்கேயிருந்து வெளியே வந்தால் போதும். அவ்வளவுதான். அப்பாவுக்கு அந்த வழியாக வருகிறவன்தான் மகன். மச்சான் மாடியில் சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்பே பின்பக்கமாக ஓடினார்.

நானும் மாமாவும் போய்ச் சேர்ந்தபோது அவர் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். பழைய காவலாளிகள் யாரும் இல்லை. புதுக் கம்பி வேலி, புதுக் கேமரா, புது ஆள்.

"ரெண்டு நிமிஷம் சார். உள்ள போயிட்டு அப்படியே திரும்பி வந்துடறேன்."

"பாஸ் இருக்கா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. இந்தக் கப்பல்லதான் இருபது வருஷம் வேலை பார்த்தேன்."

"கேட்டைத் தாண்டக்கூடாது சார். சண்டைக்கு அப்புறம் ரொம்ப கெடுபிடி. பாதுகாப்பு விஷயம்."

"நாலு அடி உள்ளே விடு, நீயே பிடிச்சுக்கோ, வேணும்னா கயிறு கட்டி விடு!" என்று நான் கத்தினேன். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, முகம் வாடிப்போனான். ஆனால் வேலை போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டான். வேலை போவது என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும். மச்சான் என் தோளைத் தொட்டு, "விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மூன்று பேரும் வேலியோரம் நின்றோம். பயணிகள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். ஒருவர் தாளைக் கீழே போட்டுவிட்டுப் போனார். மாமா குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டுப் படித்தார். இப்போது வேறு யாரோ அடிப்பது, ஆனால் மச்சான் போட்ட அதே கட்டம், அதே எழுத்து. "என் பையன் அடிச்சது" என்று பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். பக்கத்தில் நின்றது மச்சான். அப்போதுதான் மாமா அந்த வெள்ளைச் சட்டையைக் கவனித்தார்.

"நீங்களும் கப்பல்ல வேலையா தம்பி?"

"இருந்தேன் ஐயா."

"அப்போ என் பையனைத் தெரிஞ்சிருக்குமே. தாள் அடிக்கிறவன்."

"தெரியும்."

"எப்படி இருக்கான்?"

"உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பார்."

மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வெயில் ஏறியது, நான் தண்ணீர் வாங்கி வந்தேன், வீட்டுக்குப் போகலாம் என்று நாலைந்து முறை கூப்பிட்டேன். அசையவில்லை. மதியம் கழிந்து, நாலு மணிக்குப் பயணிகள் திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். ஐந்துக்குக் கப்பல் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் என்னவென்று மாமாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றை எடுத்தாயிற்று, கப்பல் கிளம்புகிறது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பக்கத்தில் காலையிலிருந்து தன்னோடேயே நின்ற வெள்ளைச் சட்டைக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். தோளில் கையை வைத்தார்.

"நீங்களும் காலையிலேருந்து நிக்கிறீங்களே தம்பி. உங்க ஆளும் வரலையா?"

"வரலைங்க ஐயா" என்றார் மச்சான்.