பதினோரு வினாடிக்கு எடுத்த வாடகைப் படம்

இங்கே ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கவும் முடியாது. ஜெர்மனியில் இந்த டோர்ட்முண்டுக்கு வந்து ஆறு வருடமான பிறகும் இது எனக்குப் பழகவில்லை. ரிமோட்டை அழுத்தினால் படம் வருகிறது. ஓடத் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரம் ஆனதும் அதுவே போய்விடுகிறது. யாரும் கதவைத் தட்டுவதில்லை. நாடா ஏன் தேய்ந்தது, தேய்த்தது யார் என்று கேட்பதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் நுகர்வோர் பக்கத்துக்கு எழுதிய பழக்கத்தில், புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தா கட்டும் சேவையிலேயே அந்தப் படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை. நகர நூலகத்து அட்டை இருந்தால் சில படங்கள் இலவசமாகவே கிடைக்கும். பழைய தமிழ்ப் படத்துக்கு உயர் தரம் என்று கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஃபிலிமில் இல்லாத தெளிவு திரையில் வராது. வாடகை கட்டியபின் படத்தைத் தொடங்க முப்பது நாள் அவகாசம் உண்டு. தொடங்கிவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம்தான். அதனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அழுத்துங்கள். ஊரில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து பயனில்லை, கறுப்பாகத்தான் தெரியும். போனை எடுத்து டி.வி.யின் முன்னால் பிடிக்க வேண்டும். அப்படித்தான் நான் பிடித்தேன்.

பார்க்க வேண்டியவர் என் அம்மா. கொடைக்கானல் பக்கம் பள்ளங்கியில் இருக்கிறார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடையதென்று எங்களிடம் இருப்பது ரேஷன் அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். "போட்டோவுல அசையாமக் கெடக்காரு. நடக்குறத ஒருக்கா பாத்துட்டாப் போதும்ப்பா" என்றார் அம்மா. அப்பா நடப்பதை உலகத்தில் ஒரே ஒரு கேமராதான் எடுத்திருக்கிறது. அது எனக்குப் பதினோரு வயதாகும்போது கொடைக்கானலில் எடுத்த ஒரு சினிமாப் படத்துக்காக. ஓடாத படம். எந்தச் சேனலும் போட்டதில்லை. இங்குள்ள ஒரு வாடகைச் சேவையில் அது இருந்தது.

அப்பா கேரட் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர். ஏரிச் சாலையில் ஷூட்டிங்குக்கு மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள் என்று போனார். கேமராவைப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். காமெடி நடிகர் பின்னாலிருந்து உதைப்பார் என்று சொல்லவில்லை. அப்பா கேரட் கழுவும் குழியில் முகங்குப்புற விழுந்தார். அந்தத் தடவை நடிகருக்கே சிரிப்பு வந்துவிட்டதால் மறுபடி எடுத்தார்கள். அடுத்த நான்கு தடவையும் உதை வருமென்று தெரிந்தே நடந்தார். படத்தில் இருப்பது ஐந்தாவது. இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவர் கூடப்போன பக்கத்து வீட்டுக்காரர், பேச்சியின் புருஷன். அப்பா அம்மாவிடம் சொன்னது, மூட்டையோடு நடந்தேன், ஈரத்தில் வழுக்கியது என்பது மட்டும்.

அந்தப் படம் கேசட்டாக வந்தபோது ஊரில் காசு பிரித்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தார்கள். கொடைக்கானல் கடையிலிருந்து டி.வி., டெக், மூன்று கேசட், ஜீப்பில் வந்து இறங்கும். ஒரு பகல், ஓர் இரவு. கரண்ட் போனால் நஷ்டம் நமக்கு. எடுத்த வாடகையை ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் பூண்டு காயவைக்கும் கொட்டகையில் ஊரே உட்கார்ந்திருக்கும். அன்று வெள்ளனே அப்பா அம்மாவைப் பண்ணைக்காட்டுக்கு, அவர் பிறந்த வீட்டுக்கு, பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார். என்னை விட்டுவிட்டுப் போனார். சின்னப் பையன் என்ன பார்க்கப் போகிறான் என்று நினைத்திருக்கலாம்.

உதை விழுந்ததும் கொட்டகை அதிர்ந்தது. "ரிமோட்ட ஆக்டர் மகன்கிட்டக் குடுங்கலே. அவன் போடட்டும், அவுக அப்பன்தான" என்றது ஒரு குரல். கொடுத்தார்கள். நான் பின்னால் ஓட்டிப் போட்டேன். ஊர் சிரித்தது. மறுபடி போட்டேன். அதற்கு முன் என்னால் யாரும் சிரித்ததில்லை. விடிவதற்குள் எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. மூன்று கேசட்டில் அந்த ஒரு கேசட்தான் ஓடியது. திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர், "படம் பூரா நல்லாருக்கு, ஒரே எடத்துல மட்டும் கோடு கோடா விழுகுது. என்னங்க செஞ்சீங்க?" என்று கேட்டாராம். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆக்டர் வீடு என்று பெயர். அம்மா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். விலாசம் கேட்பவர்களிடம் அவரே அப்படித்தான் சொல்வார். அப்பா ஒரு நாளும் திருத்தவில்லை.

சனிக்கிழமை மாலை நான் ஒத்திகை பார்த்தேன். அப்பா சட்டகத்துக்குள் வருவதிலிருந்து பதினோரு வினாடி நடக்கிறார். பன்னிரண்டாவது வினாடியில் உதை. பதினொன்றில் நிறுத்தினால் அம்மாவுக்கு நடை கிடைக்கும், அப்பா சொன்ன பொய்யும் பிழைக்கும். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாள் எனக்கு வந்த பார்சலைக் கொடுக்க மேலே வந்து, திரையைப் பார்த்து நின்றார். என் அப்பா என்றேன். "ஷௌஷ்பீலர்?" என்றார் மரியாதையோடு. நடிகர் என்று பொருள். தலையாட்டிவிட்டேன். உதையையும் பார்த்துவிட்டு, இப்படி விழும் காட்சிக்கு விபத்துக் காப்பீடு இருந்திருக்குமே என்று கேட்டார். பிரியாணி கொடுத்தார்கள் என்றேன். நான் வேறு எதையோ சொல்கிறேன் என்று நினைத்து, பிரியாணி தனக்கும் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் இங்கே காலை, பள்ளங்கியில் பிற்பகல். வலது கையில் போன், இடது கையில் ரிமோட். அப்பா வந்தார்.

"ஏன் இப்பிடி நடக்குறாரு?" என்றார் அம்மா. "முதுக வெறப்பா வச்சுக்கிட்டு. ஒங்கப்பா நடை இது இல்லையே. கொஞ்சம் கிட்டக் கொண்டா."

கிட்டக் கொண்டுபோனேன். அந்த ஓர் அடியில் ஒரு வினாடி தவறிவிட்டது. ரிமோட்டை அழுத்தியபோது அப்பா குழிக்குள் கிடந்தார்.

அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஏ பேச்சி, வெரசா வா. அவருக்கு விழுந்த ஒதையப் பாரு" என்று வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

பேச்சி வந்து எட்டிப் பார்த்தாள். "யக்கா, இப்பத்தான் பாக்குறீங்களா? நாங்க கொட்டாயில விடிய விடியப் பாத்தம்ல. ஒங்க மகன்தான திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுனான்."

அம்மாவின் கை வாயிலிருந்து இறங்கியது. "நீயாப்பா போட்ட?"

"ஆமாம்மா."

"நான் பண்ணைக்காட்டுல இருந்த அன்னைக்கா?"

"ஆமா."

போனை முகத்துக்கு நெருக்கமாக எடுத்தார். "அப்ப இப்பவும் போடு" என்றார்.

போட்டேன். இங்கே உதை விழுந்து ஒரு வினாடிக்கு மேல் கழிந்துதான் பள்ளங்கியில் பேச்சியின் சிரிப்பு கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா" என்றார். போனின் திரை முழுக்க அம்மா முகம். மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம், அதில் அப்பா விறைத்த முதுகோடு நடந்து வந்துகொண்டிருந்தார். இரண்டிலும் நான் இல்லை. "இன்னொருக்கா" என்றார் அம்மா. வாடகையில் இன்னும் ஒரு நாளுக்கு மேல் மீதி இருந்தது. ரிமோட் என்னிடம்தான் இருந்தது.