ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ஆட்டம்

லாரியின் ஸ்டியரிங் லூசாகிவிட்டது என்பது எனக்கு இரண்டு மாதமாகத் தெரியும். எந்தப் பக்கம் ஒடித்தாலும் இரண்டு விரல் அளவு கூடுதலாகத் திருப்ப வேண்டியிருந்தது. கை பழகிவிட்டது. இத்தனை வருடம் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற திமிர் வேறு. ஆனாலும் எதிரே பஸ் வந்தால் அது கடந்து போகும்வரை மூச்சுவிட மாட்டேன்.

ஒருநாள் வளைவில் வண்டி சொன்னபடி திரும்பாமல் பாலத்துச் சுவரை உரசப் பார்த்தது. மறுநாள் காலையில் பழங்காநத்தத்துப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மதியம் நெருங்கும்போதுதான் மெக்கானிக் பாய் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது.

"சக்கரம் திரும்புற கிங்பின் போச்சு மாப்ள. வில்லுப்பட்டையில புஷ்ஷும் தேஞ்சிருக்கு. ஸ்டியரிங் ராடு முனைய நீயே கீழ வந்து கைய வச்சுப் பாரு."

"அம்புட்டு மோசமாவா இருக்கு பாய்?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

சக்கரத்தை இறக்கி, முன்னும் பின்னும் கல் வைத்தார். இருவரும் அடியில் படுத்தால் ஸ்டியரிங்கை ஆட்ட ஆள் வேண்டுமே. அந்த நேரம் பார்த்து என் மனைவி மதியச் சாப்பாட்டோடு வந்து நின்றாள்.

"தங்கச்சி, மேல ஏறி ஸ்டியரிங்க லேசா ரெண்டு பக்கமும் ஆட்டும்மா" என்றார் பாய்.

நான் ராடு முனையைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தேன். உள்ளங்கையில் இரும்பு டக் டக்கென்று இடித்தது. சக்கரம் அசையவே இல்லை. மேலிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, நான் இம்புட்டுத் திருப்புறேன், சக்கரம் திரும்புதா இல்லையா? எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"நேத்து இருந்துதான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. பக்கத்தில் படுத்திருந்த பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முந்தின மாதம்தான் அவளையும் மகளையும் இதே லாரியில் சோழவந்தானுக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். மகள் வழியெல்லாம் அவள் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மதியம் தேய்ந்ததையெல்லாம் மாற்றி முடித்தார் பாய். அன்றும் சாப்பாடு கொண்டுவந்த மனைவியை, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். மெயின் ரோட்டில் ஒரு சைக்கிளுக்காக ஒதுங்கியபோது என் கை பழக்கத்தில் இரண்டு விரல் கூடுதலாகத் திருப்பியது. வண்டி வெடுக்கென்று இடப்பக்கம் இழுத்தது. நிமிர்த்தினால் வலப்பக்கம் பாய்ந்தது. ஸ்டியரிங் சரியாகிவிட்டது, கைதான் சரியாகவில்லை. அடுத்த திருப்பத்திலும் அதேதான்.

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள்ல கை இப்படிப் பழகாதுங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "சோழவந்தான் போனப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

அவமானமாக இருந்தது. அன்றைக்கு வந்திருக்க வேண்டிய பயமும் இப்போதுதான் வந்தது.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மகளோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் காலி வண்டியோடு அந்தப் பக்கம்தான் போறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாங்க பஸ்ல போறோம்" என்றாள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே லாரியை ஓட்டிப்போனேன். பின்சீட்டுக் கண்ணாடி வழியாக மகள் எனக்குக் கையாட்டிக்கொண்டே வந்தாள். நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைக்கூட எடுக்கவில்லை.